பூனையும் சிலந்தியும்: இல்லறத்தார் கடன்



கொல்லாமை என்னும் பேரறத்தைப் பற்றிப் பேசப் புகும்போதெல்லாம் நாம் பெரிய செய்திகளையே எடுத்துக்கொள்கின்றோம். வேள்வியில் நிகழ்ந்த உயிர்ப்பலி, ஊன் உணவின் தீமை, அரசர்கள் செய்த போர் ஆகியவற்றை விரித்துரைக்கின்றோம். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் நம்முள் எவரும் வேள்வி செய்வதில்லை, ஊன் உண்பதில்லை, படை நடத்துவதும் இல்லை. நமது விரதம் நாள்தோறும் சோதிக்கப்பெறும் இடம் வீட்டின் தாழ்வாரமும், அடுப்பங்கரையும், பரணும், தறிக்குழியும் ஆகும். அங்கே நேரும் சிறு நிகழ்ச்சி ஒன்றையே இக்கட்டுரையில் ஆராய எண்ணுகின்றோம்.

திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தில் வழிபாடு முடித்து வெளிவந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் வாழும் சாதர்மிப் பெண்மணி ஒருவர் நம்மை அணுகி, “டீச்சரம்மா, எங்கள் வீட்டுப் பூனை சிலந்தியைப் பிடித்துத் தட்டித் தட்டி விளையாடுகிறது. சிலந்தியை மீட்டால் பூனையின் இரையைப் பறித்த குற்றம் வருமா? பேசாமல் இருந்தால் சிலந்தியைச் சாகவிட்ட குற்றம் வருமா? பிள்ளைகள் கேட்கிறார்கள், விடை சொல்லத் தெரியவில்லை” என்றார். நல்ல வினா. பிள்ளைகள் கேட்டமையால் இன்னும் நல்ல வினா. அதற்கு நூல்நெறி நின்று விடை காண்போம்.

இரு உயிர்களின் நிலை

உயிர்களை அறிவின் அளவால் வகுத்துக் காணும் முறை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்தமை பள்ளிப் பருவத்திலேயே நாம் பயின்றதாகும். தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் இந்திரியம் ஏறிச் செல்லும் வரிசையைக் காட்டுகிறது. அவ்வரிசையில் சிலந்தியை வண்டு, தேள் முதலியவற்றோடு நாலறிவுயிராக எண்ணுவது நம் வழக்கம். பூனையோ ஐயறிவுயிர், மனமும் உடையது. ஆகவே அதனை ‘ஸஞ்ஞி’ என்பர்.

இதிலிருந்து, ‘சிலந்தி தாழ்ந்தது, பூனை உயர்ந்தது, ஆதலால் சிலந்தி போனால் போகட்டும்’ என்று முடிவு கட்டுவோர் உளர். அறிவின் வரிசை எந்த உயிரை முதலில் கொல்லலாம் என்பதற்காக வகுக்கப்பட்டதன்று. எந்தெந்த உயிர் எவ்வெவ்வாறு துன்பத்தை உணர்கிறது என்பதை நாம் அறிந்து எச்சரிக்கையாய் நடப்பதற்காக வகுக்கப்பட்டதாகும். சிலந்திகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் எட்டு. காலில் உள்ள நுண்மயிர்களால் காற்றின் அசைவையும், வலையின் மெல்லிய நடுக்கத்தையும் அவை உணர்கின்றன. பூனையின் பாதம் தரையில் படும் அதிர்வை உணர்ந்துதான் சிலந்தி ஓடத் தொடங்குகிறது. உயிர் வாழும் விருப்பம் அதற்கும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிலந்தியின்பால் நமக்குள்ள வெறுப்பு பெரும்பாலும் அச்சத்தால் விளைந்தது. எட்டுக்கால் பூச்சி உடம்பில் சிறுநீர் விட்டால் அக்கி வரும் என்பது நம் பக்கத்தில் வழங்கும் நம்பிக்கை. உண்மை அதுவன்று. இளமையில் சின்னம்மை கண்டவரின் நரம்புகளில் அந்நோயின் நச்சுயிரி உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த காலத்திலோ மீண்டும் எழுவதே அக்கி ஆகும். இதில் சிலந்தி செய்த குற்றம் ஒன்றும் இல்லை. செய்யாத குற்றத்துக்குத் துடைப்பத்தால் தண்டனை பெறும் உயிர்களுள் இதுவும் ஒன்று. சுவரில் விரைந்தோடும் பெரிய தட்டைச் சிலந்தி வலை கட்டுவதில்லை. கரப்பான் பூச்சிகளை உண்டு வாழ்கிறது. அதன் வயிற்றின் அடியில் வெள்ளை வட்டமாக ஒன்று காணப்பட்டால் அது முட்டைப் பை என்று அறிக. அதனை அடிப்பவர் ஓர் உயிரோடு நில்லாமல் நூற்றுக்கணக்கான உயிர்களை அழிக்கின்றார்.

யார் செய்த ஹிம்சை?

கவனமின்மையால், அதாவது பிரமாதத்தால், உயிரின் பிராணங்களுக்குக் கேடு விளைப்பதே ஹிம்சை என்று உமாஸ்வாமி ஆசாரியர் இலக்கணம் வகுத்தார். ஆகவே ஓர் உயிர் இறந்ததா என்று கேட்பதோடு நம் விசாரணை முடிவதில்லை. அங்கே யாருடைய கவனமின்மை இருந்தது, யாருடைய எண்ணம் எப்படி இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். மேலும் வினை நம்மை வந்தடையும் வாயில்கள் மூன்று: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்பட்டு மகிழ்தல். இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனை என்பர்.

பூனை சிலந்தியைப் பிடிக்கும்போது நாம் கிருதத்தில் சேரவில்லை. ஆனால், “அதோ பார், பிடி!” என்று விரலைச் சுட்டி ஏவினால் அது காரிதம். பூனை ஒவ்வொரு காலாகப் பறிப்பதைச் சுற்றி நின்று சிரித்தால் அது அனுமோதனை. இந்நாளில் கைப்பேசியில் அக்காட்சியைப் படம் பிடித்து உறவினர்க்கெல்லாம் அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. ஓர் உயிரின் இறுதி வேதனையை ஐம்பது வீடுகளுக்குப் பந்தி வைத்து, ஐம்பது பேரின் சிரிப்பையும் சேர்த்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு இது ஒப்பாகும். பிள்ளைகள் அறியாமல் செய்கின்றனர். எடுத்துரைப்பது பெரியோர் கடமை.

யசோதர காவியம் இவ்வுண்மையையே கதையாக உரைக்கிறது. யசோதர மன்னனும் அவன் தாய் சந்திரமதியும் உயிருள்ள கோழியைப் பலியிடவில்லை; மாவினால் செய்த கோழியையே பலியிட்டனர். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அங்கே முழுமையாக இருந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகவும், முள்ளம்பன்றியும் பாம்புமாகவும், மீனும் முதலையுமாகவும் பிறந்து துன்புற்றனர். ஒரு பிறவியில் நாயாய்ப் பிறந்த தாய் மயிலாய்ப் பிறந்த மகனைக் கொன்றாள். மறு பிறவியில் முள்ளம்பன்றியாய்ப் பிறந்த மகன் பாம்பாய்ப் பிறந்த தாயைக் கொன்றான். நம் வீட்டுக் கூடத்தில் பூனையும் சிலந்தியும் எதிர்ப்படும்போது இக்கதையை நினைத்தல் வேண்டும். கொல்லும் உயிரும் கொல்லப்படும் உயிரும் எக்காலத்து எவ்வுறவினரோ, யாரறிவார்?

‘சிலந்தியும் ஈயைக் கொல்கிறதே, அதனை ஏன் தடுப்பதில்லை?’ என்று கேட்கலாம். காட்டிலும் வேலியிலும் உயிர்கள் தத்தம் வினைவழி வாழ்கின்றன. அங்கே நாம் செய்யத்தக்கது மாத்தியஸ்தம் என்னும் நடுநிலைப் பாவனையே. உலகிலுள்ள சிலந்தி வலைகளையெல்லாம் காவல் செய்ய நம்மால் இயலாது. அது நமக்கு விதிக்கப்படவும் இல்லை. வீட்டுப் பூனையின் நிலை வேறு. அதற்கு நாம் பெயர் வைத்தோம், உணவு வைத்தோம், நம் கூரையின் கீழ் இடம் கொடுத்தோம். உடைமை எங்கே உண்டோ, அங்கே பொறுப்பும் உண்டு. இரையைப் பறித்த குற்றம் என்ற ஐயமும் இங்கே எழாது. வயிறு நிறைந்த பூனையும் அசையும் பொருளைக் கண்டால் பாயும். அது பசியின் செயலன்று; பிறவிக்குணத்தின் செயல். அதன் உணவை நாம் முன்னரே தட்டில் வைத்திருந்தால், சிலந்தியை மீட்பதனால் பூனை இழப்பது ஒரு விளையாட்டை மட்டுமே. சிலந்தி இழப்பதோ உயிரை. ஆகவே மீட்பதே முறை.

மீட்கும் முறை

மீட்பதிலும் முறை உண்டு. பூனையை அடித்து விலக்கினால் ஓர் உயிரைக் காக்கப் போய் மற்றோர் உயிரைத் துன்புறுத்தியவர் ஆவோம். கையைத் தட்டியோ, உணவுத் தட்டின் ஓசையை எழுப்பியோ பூனையின் கருத்தை வேறு பக்கம் திருப்புக. சிலந்தியின்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரை மெல்லக் கவிழ்த்து, பழைய திருமண அழைப்பிதழ் அட்டை ஒன்றை அதன் அடியில் செருகி, இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்க. கையால் பிடித்தால் அதன் கால்கள் ஒடிந்து போகும்; அஞ்சிய சிலந்தி கடிக்கவும் கூடும். வீட்டுக்குள் வாழும் சிலந்தியைக் கொளுத்தும் வெயிலில் விடாமல், விறகுக் கொட்டகையிலோ, கிணற்றடிக் கொடிகளின் நிழலிலோ, பூனை எட்டாத தாழ்வார மூலையிலோ விடுக. கால் ஒன்று இழந்த சிலந்தியை ‘இனிப் பிழைக்காது’ என்று மிதித்துவிட வேண்டா. அது எஞ்சிய கால்களால் வாழும். இளஞ்சிலந்தியாயின் தோலுரிக்கும் காலத்தில் இழந்த கால் மீண்டும் முளைப்பதும் உண்டு.

நம் முனிவர்கள் மயிற்பீலி ஏந்துவது எதற்கு? அமரும் இடத்திலும் பொருளை எடுக்கும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்களை நோவாமல் விலக்குவதற்கே. இல்லறத்தார்க்குப் பீலி இல்லை. ஆனால் பீலியின் கருத்து உண்டு. அந்தத் தம்ளரும் அட்டையும் இல்லறத்தாரின் பீலி என்று கொள்ளலாம்.

வந்தபின் காப்பதினும் வருமுன் காப்பது மேலானது. ஒட்டடையை ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் அடிப்பது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அங்கே குடியேறிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெல்லிய துடைப்பத்தால் தூய்மை செய்தால் சிலந்தி அங்கே வலை கட்டி முட்டையிட இடமிராது. அவ்வாறு செய்யும்போதும் தூசி படிந்த பழைய வலை எது, உயிர் வாழும் வலை எது என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தபின் கோலை வைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சிகள் உலர்ந்த இடம் தேடி உள்ளே வரும். அக்காலத்தில் இரவில் தாழ்வார விளக்கை வீணே எரியவிடாமல் இருந்தால் பூச்சிகளும் குறையும். அவற்றைத் தேடிவரும் சிலந்திகளும் குறையும்.

பூனைக்குத் தீங்கு நேர்ந்தால்

சிலந்தியை மீட்குமுன் பூனை விழுங்கிவிட்டால் வீட்டார் பெரிதும் அஞ்சுகின்றனர். நம் வீடுகளில் காணும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றை விழுங்குவதால் பூனைக்கு இடர் நேர்வதில்லை. சிலந்தியின் நஞ்சு கடியின் வழியே உடம்பில் ஏறினால்தான் வேலை செய்யும். வயிற்றில் செரித்துப் போகும். ஆகவே வாந்தி எடுக்க வைக்க முயலவேண்டா.

வாயிலோ பாதத்திலோ சிலந்தி கடித்திருந்தால் உதடு சற்று வீங்கும், எச்சில் ஒழுகும், பூனை வாயைக் காலால் தேய்த்துக்கொள்ளும், நொண்டி நடக்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒற்றி, அமைதியான இடத்தில் விட்டுக் கவனித்தால் பெரும்பாலும் தானே தணியும். முகம் முழுதும் வீங்குதல், மூச்சுத் திணறல், உடல் நடுக்கம், தளர்ந்து விழுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உள்ளூரில் இயலாத மருத்துவத்துக்கு, 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திச் சொல்ல வேண்டியவர்களாய் இருக்கின்றோம். நாம் அறிந்த ஒரு வீட்டில் பூனையின் உதடு வீங்கியது கண்டு, வலி தீரட்டும் என்ற நல்லெண்ணத்தால் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தனர். பூனையின் ஈறுகள் பழுப்பு நிறமாயின, மூச்சு முட்டியது, மறுநாள் அது இறந்தது. மனிதனின் கல்லீரல் அம்மருந்தை முறித்து வெளியேற்றுவதுபோல் பூனையின் கல்லீரலால் இயலாது. ஒரு மாத்திரையின் ஒரு பகுதியே அதன் உயிரைப் போக்கக்கூடும். சிலந்தி செய்யாததை அன்பு செய்துவிட்டது. அறிவோடு சேராத அன்பு எத்தகையது என்பதற்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டு வேண்டா. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என மும்மணிகளை ஒன்றாகவே கோத்துத் தந்த நம் ஆசாரியர்கள், ஞானத்தை விட்டுவிட்டு ஒழுக்கத்தை மட்டும் தரவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது ஊர்க்கே உரிய இடர்களும் சில உண்டு. பட்டுப் புடவைப் பெட்டியில் இடும் அந்துருண்டை பூனைக்கு நஞ்சு. தரை கழுவும் பினாயில் அதன் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே செல்லும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையை வலிப்பில் தள்ளும். தறிவீடுகளில் சிதறிக் கிடக்கும் பட்டு இழையையும் ஜரிகையையும் பூனை விளையாட்டாக விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்கலாகாது, மருத்துவரிடம் காட்டுக. சிலந்தியைக் கண்டு பதறுவோர், சிலந்தியைவிடப் பன்மடங்கு கொடிய இப்பொருள்களைப் பூனை எட்டாத இடத்தில் வைத்திருக்கின்றோமா என்று முதலில் பார்க்கக் கடவர்.

பூனையை வளர்க்கலாமா?

இப்போது வினாவின் வேருக்கு வருகின்றோம். சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்பிரேக்ஷை நூல், பூனை முதலியவற்றை வளர்ப்பதை அநர்த்த தண்டத்தில், அதாவது பயனின்றி வினையைத் தேடிக்கொள்ளும் செயல்களில் ஒன்றாக, ஆயுதம் விற்றலோடு சேர்த்து எண்ணுகிறது. கேட்போர்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். நெசவாளர் தெருக்களில் எலி பாவைக் கடித்துவிடும் என்பதற்காகப் பூனை வைப்பது உண்டு. எலியைத் தானே கொல்லக் கூசுபவர் பூனையின் வாயால் கொல்விக்கின்றார்; கை தூய்மையாய் இருக்கிறது, கணக்கு தூய்மையாய் இல்லை. ஆகவே எலிக்காகப் பூனையைத் தேடிக்கொண்டு வருதல் நம் நெறிக்கு ஒவ்வாது. எலி நுழையும் துளைகளை அடைத்தலும், கஞ்சியிட்ட பாவை இரவில் மூடி வைத்தலும், உயிரோடு பிடிக்கும் கூண்டை வைத்து வெளியே விடுதலும் நமக்குரிய வழிகள்.

ஆனால் நாம் தேடாமலே வந்து சேர்ந்த பூனை? மழையில் நனைந்து திண்ணையில் ஒதுங்கிய குட்டியைப் பிள்ளைகள் உள்ளே கொண்டு வந்துவிட்டனர், இரண்டாண்டு வளர்ந்துவிட்டது. நூலைக் காட்டி அதனைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடலாமா? கூடாது. நம்மை நம்பி வாழும் விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாட விட்டுக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் நூல்கள் அஹிம்சை அணுவிரதத்துக்கு அதிசாரங்கள் ஐந்தினை உரைத்தன: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் நம்மைச் சார்ந்து வாழும் உயிர்களுக்கு நாம் இழைக்கும் தவறுகளே என்பதைக் கருதுக.

ஐந்தாவதான அன்னபான நிரோதமே இங்கே பெரிய சிக்கல். பூனை பிறப்பால் ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து அதற்கு இன்றியமையாதது; ஊனில் உண்டு, பால்சோற்றில் போதிய அளவு இல்லை. அச்சத்து இல்லாத உணவால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-ஆம் ஆண்டிலும், இதயத் தசை தளரும் என்று 1987-ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிப்பதில்லை. ‘எங்கள் பூனையும் சைவம்’ என்று பெருமை பேசிப் பால்சோறு மட்டும் வைத்துக் கண்ணைக் கெடுப்பது அஹிம்சை ஆகாது. அதுவே அன்னபான நிரோதம். அச்சத்தை இந்நாளில் ஊனின்றிச் செயற்கையாகவும் செய்து உணவில் சேர்க்கின்றனர். அவ்வகை உணவு தம் பூனைக்கு ஏற்குமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, உடலைச் சோதித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். அதுவும் ஏலாதாயின், அதற்குரிய உணவை இயல்பாகவே கொடுக்கக்கூடிய நல்ல வீட்டார் ஒருவரிடம் அன்போடு ஒப்படைத்தல் தகும்.

டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் என வழங்கும் திகம்பர ஜினாலய வளாகத்தில் பறவைகளுக்கான அறமருத்துவமனை ஒன்று உள்ளது. 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்விடத்தில் புறா, கிளி முதலிய பறவைகளைத் தங்கவைத்துப் பேணுகின்றனர். பருந்து போன்ற ஊனுண்ணிப் பறவைகள் வந்தால் தங்கவைப்பதில்லை. ஆனால் துரத்துவதும் இல்லை. புற நோயாளியாக ஏற்று மருந்திட்டு அனுப்புகின்றனர். கருணையை மறுக்கவும் இல்லை. விரதத்தைக் கைவிடவும் இல்லை. நமக்கு இது சிறந்த வழிகாட்டி. புதிதாகப் பூனையைத் தேடிக் கொண்டுவர வேண்டா. வந்து சேர்ந்ததைத் துரத்த வேண்டா. நோயுற்றதற்கு மருந்திட மறுக்க வேண்டா.

பூனையின் வேட்டைக்குணத்தைத் தணிக்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடங்கள் பூனையோடு விளையாட்டுப் பொருள் கொண்டு விளையாடிய வீடுகளில், அது பிடித்து வரும் உயிர்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டனர். ஒரு குச்சியில் துணிப்பந்தைக் கட்டி அந்திவேளையில் பிள்ளைகள் விளையாட்டுக் காட்டலாம். முடிந்ததும் குச்சியை எடுத்து வைத்துவிட வேண்டும். இரவில் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் வெளியே உள்ள எத்தனையோ சிற்றுயிர்களுக்கு அபயதானம் செய்தவர் ஆவோம்.

பட்டு நகரில் வாழ்வோர் எண்ணத்தக்கது

சிலந்தியும் நூல் நூற்கிறது. பட்டுப்புழுவும் நூல் நூற்கிறது. சிலந்தியின் நூலை நாம் கோலால் சுருட்டி எறிகின்றோம். பட்டுப்புழுவின் நூலை உடுத்துத் திருமண மேடையில் அமர்கின்றோம். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுபடும் என்பதற்காகவே, கூட்டுக்குள் உறங்கும் உயிரோடு சேர்த்து வெப்பத்தில் வாட்டுகின்றனர். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். ஒரு சிலந்தியைத் தம்ளரில் ஏந்திக் காக்கும் நம் கை, இதனை எண்ணாமல் இருக்கலாமா?

நம் அண்டை வீட்டு நெசவாளரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. குழித்தறியில் நாள் முழுதும் கால் வைத்து உழைக்கும் அவர்களது வாழ்வு நாம் அறிந்தது. உடுத்துவோர் நாம் ஆதலால் வினாவும் நமக்கே உரியது. பூச்சி வெளியேறியபின் எஞ்சிய கூட்டிலிருந்து நூல் எடுக்கும் முறையை ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜய்யா என்பார் உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். அப்பட்டு ‘அஹிம்சைப் பட்டு’ எனப்படுகிறது. அதன் பளபளப்பு சற்றுக் குறைவு. பருத்தியும் நமக்கு அயலானதன்று. நம் ஜினாலயம் நிற்கும் ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. ஜினபூஜைக்காவது தூய பருத்தியை உடுத்துவோம் என்று ஒரு குடும்பம் நியமம் கொண்டால் அது சிறிய செயலன்று.

உயிர் பிரியும் வேளையில்

எல்லா முயற்சியும் செய்து, சிலந்தி பிழைக்காமல் போகலாம். அப்போது செய்யத்தக்கது யாது? சீவக சிந்தாமணியில் அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்தது. நாய் மனமுள்ள ஐயறிவுயிர், கேட்டுத் தெளிந்தது. சிலந்திக்கு அத்தகைய மனம் இல்லை என்பது நூல்வழக்கு. ஆயினும் அதன் அருகே அமைதியாக நின்று மந்திரத்தை நினைத்தல் வீணாகாது. அது பூனையின்மேல் சினம் எழாமலும், இறந்த உயிரை எள்ளாமலும் நம் பரிணாமத்தைக் காக்கும். பூனையை வைதல் கூடாது. அது தன் இயல்பைச் செய்தது. நம் இயல்பு எது என்பதே கேள்வி. அன்றைய பிரதிக்கிரமணத்தில், நம் கவனக்குறைவு ஏதேனும் இருந்ததா என்று பார்த்து, மறுநாள் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விளங்குகின்றன. அவற்றைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சமவசரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பன்னிரு அவைகளுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. இயற்கைப் பகை கொண்ட உயிர்களும் பகை மறந்து அருகருகே அமர்ந்து அறம் கேட்டன என்று நூல்கள் உரைக்கின்றன. அப்பெருமானின் திருமுன் நிகழ்ந்ததை நம் வீட்டில் நிகழ்த்த நமக்கு ஆற்றல் இல்லை. ஆனால் ஒரு சிலந்திக்கும் ஒரு பூனைக்கும் இடையே ஒரு தம்ளரை வைக்க ஆற்றல் உண்டு.

ஆகவே பவ்வியர்களே! அடுத்த மூன்று திங்களுக்கு மூன்று சிறு நியமங்கள் கொள்வோம். ஒன்று, எவ்வுயிரின் துன்பத்தையும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. பிறர்க்குக் காட்டுவதும் இல்லை. இரண்டு, கூடத்து மாடத்தில் ஒரு தம்ளரும் ஓர் அட்டையும் எப்போதும் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதன் பயனை அறிந்திருப்பர். மூன்று, நம்மை அடைந்து வாழும் விலங்குக்கு மருத்துவரைக் கேளாமல் மருந்து கொடுப்பதில்லை. அதற்குரிய உணவை மறுப்பதும் இல்லை. இவை அணுவிரதத்தின் அணுவளவே. எனினும் நாள்தோறும் கடைப்பிடித்தால் அவ்வணுவே நம்மை உயர்த்தும்.

எல்லா உயிரும் இன்புறுக! ஜினதருமம் வாழ்க!